மார்பில் எழுதிய வாசகம்

ஆள் பாதி, ஆடை பாதி என்பது நம் முன்னோர் மொழி. இக்காலத்து இளைஞரைக் காணுங்கால் அம்மொழியைச் சிறிது திருத்தி, ஆடை பாதி, ஆடையில் எழுதியது பாதி என்று கூறத் தோன்றுகிறது.

சென்ற ஞாயிற்றுக்கிழமை மாலை திருகோணமலைக் கடற்கரையிலே, காந்தியடிகளின் சிலைக்கு அணித்தாய்ச் சற்று நேரம் அமர்ந்திருந்தோம். கோணேசர் கோயிலுக்குச் சென்று திரும்பும் குடும்பங்களும், கச்சான் கொறித்தவண்ணம் அலைகளை நோக்கியிருந்த பெரியோரும், பந்து விளையாடும் சிறுவருமாகக் கடற்கரை கலகலப்பாயிருந்தது. அவ்வழியே இளைஞர் மூவர் வந்தனர். ஒருவர் மார்பில், தாடியும் நட்சத்திரத் தொப்பியுமாகச் சேகுவேரா காட்சி தந்தார். மற்றொருவர் மார்பில் மொழியுரிமை பற்றிய தமிழ் வாசகம் ஒன்று இருந்தது. மூன்றாமவர் அணிந்திருந்த ரீசேட்டிலோ பெரிய ஆங்கில எழுத்துகள் நெஞ்சை நிறைத்திருந்தன. நமக்கருகே அமர்ந்திருந்த முதியவர் ஒருவர் அந்த மூன்றாமவரைக் கைகாட்டி அழைத்தார்.

"தம்பி, உதில என்ன எழுதியிருக்கு?"

"வடிவா விளங்கேல்ல ஐயா. கடையில தொங்கினது, நல்லா இருந்தது, வாங்கினனான்."

இளைஞர் சிரித்துக்கொண்டே அப்பாற் சென்றார். முதியவர் நம் பக்கம் திரும்பி, "எங்கட காலத்தில சேட்டு உடம்பை மூடத்தான் இருந்தது, இப்ப அது வாயைத் திறக்குது" என்றார்.

முதியவரின் குறையும் இளைஞரின் விடையும் நம்மைச் சிந்திக்க வைத்தன. அரசியல் வாசகங்களை ஆடையில் தாங்கித் திரிவது இன்று ஒரு மோஸ்தராகிவிட்டது என்பதில் ஐயமில்லை. ஆயினும் ஆடை வாய் திறந்தது இன்றுதானா? அது பேசும் பேச்சுக்கு விலை உண்டா? உண்டெனில், அவ்விலையைக் கொடுப்பவர் யார்?

எழுத்தின்றிப் பேசிய உடை

முதல் வினாவுக்கு விடை காண நெடுந்தூரம் செல்ல வேண்டியதில்லை. அருகே நின்ற சிலையை ஏறிட்டு நோக்கினாலே போதும். 1921ஆம் ஆண்டு செப்டெம்பர் 22ஆம் நாள் மதுரையிலே காந்தியடிகள் தம் மேலாடையைத் துறந்து, முழங்கால் அளவான கதர்த் துண்டொன்றை மட்டும் உடுத்துக்கொண்டார். அத்துண்டிலே ஓரெழுத்தும் எழுதப்பட்டிருக்கவில்லை. எனினும், கடல் கடந்து வரும் ஆலைத் துணியை வேண்டோம் என்பதையும், இந்நாட்டு ஏழை உடுப்பதையே யாமும் உடுப்போம் என்பதையும் எழுத்தறியாத உழவனும் அதிலே படித்துணர்ந்தான். 1927 நவம்பரில் கதர் நிதி திரட்டும் பொருட்டு அடிகள் இலங்கைக்கு வந்து, யாழ்ப்பாணம் வரை சென்றார். அக்காலத்து யாழ்ப்பாண வாலிபர் காங்கிரசைச் சார்ந்த இளைஞர் பலர் மேனாட்டுக் காற்சட்டையைக் கைவிட்டுத் தேசிய உடையை மேற்கொண்டிருந்தனர். அன்றைய பள்ளிக்கூடச் சூழலில் அஃது எளிதான செயலன்று.

இலங்கையில் நிகழ்ந்த இன்னொரு நிகழ்ச்சி இதனினும் சுவையானது. முதலாம் உலகப் போர் முடிந்த நாளாகிய நவம்பர் 11ஆம் நாளில், சட்டையிற் செருகிக்கொள்ளும் பொப்பி மலர் ஆண்டுதோறும் இங்கு விற்கப்பட்டு வந்தது. அவ்வாறு சேரும் பணத்தின் பெரும்பகுதி பிரித்தானிய முன்னாட் படைவீரருக்கே செல்கின்றது என்று குறைகண்ட இளைஞர், 1933ஆம் ஆண்டிலே அதற்கு எதிராகச் 'சூரிய மல்' விற்கப் புறப்பட்டனர். சூரிய மல் என்பது வேறொன்றன்று. நம் வேலியோரங்களிற் பூக்கும் பூவரசம்பூவே அது. பொப்பி செருகியவர் பேரரசின் பக்கம். பூவரசம்பூச் செருகியவர் விடுதலையின் பக்கம். ஒரு சிறு மலர், அணிந்தவரின் அரசியலைக் கூறிவிட்டது. அவ்வியக்கத்தில் ஈடுபட்டோர் பலரே 1935இல் இலங்கை சமசமாசக் கட்சியைத் தோற்றுவித்தனர்.

தமிழகத்திலே பெரியார் ஈ. வெ. ராமசாமி அவர்களின் தொண்டர்கள் கருஞ்சட்டை அணிந்தமையும் இவ்வகையினதே. கறுப்பு நிறமே அங்கு வாசகம். இழிநிலை நீங்கும்வரை துக்கம் என்பதே அதன் பொருள். 1946 மே மாதத்தில் மதுரையிலே நடைபெற்ற கருஞ்சட்டை மாநாட்டின் பந்தல் தீக்கிரையாக்கப்பட்டது. 1948இல் சென்னை அரசாங்கம் கருஞ்சட்டைப் படையைத் தடைசெய்தது. ஒரு நிறத்துக்கு அஞ்சி அரசாங்கம் ஆணை பிறப்பிக்க நேர்ந்ததெனின், அந்நிறம் எவ்வளவு உரக்கப் பேசியிருக்க வேண்டும்!

திருமலைவாசிகளாகிய நமக்கு இக்கறுப்பு நிறம் ஏடுகளில் மட்டும் படித்தறிந்த செய்தியன்று. 1956இல் சிங்களம் மட்டும் ஆட்சிமொழி என்ற சட்டம் நிறைவேறியதும், அவ்வாண்டு ஆகஸ்ட் மாதத்திலே தமிழரசுக் கட்சியினர் கால்நடையாக இந்நகர் நோக்கி யாத்திரை வந்து மாநாடு கூட்டினர். அடுத்த ஆண்டு, 1957 பெப்ரவரி 4ஆம் நாள் சுதந்திர தினத்தைத் துக்க நாளாக அனுட்டிக்குமாறு அக்கட்சி கேட்டுக்கொண்டது. அன்று இந்நகரின் மணிக்கூட்டுக் கோபுரத்திலே கருங்கொடி ஏற்ற முனைந்த நடராசன் என்னும் இளைஞர் சுட்டுக் கொல்லப்பட்டார். ஒரு முழக் கறுப்புத் துணிக்கு அவர் கொடுத்த விலை தம் உயிர்.

அதே 1957ஆம் ஆண்டில் வாகனங்களின் இலக்கத் தகடுகளிலே சிங்கள 'ஸ்ரீ' எழுத்துப் புகுத்தப்பட்டது. ஒரு சாரார் அவ்வெழுத்தைத் தார் பூசி அழித்தனர்; மற்றொரு சாரார் கடைப் பலகைகளிலிருந்த தமிழெழுத்துகளுக்குத் தார் பூசினர். 1958இன் இனக்கலவரத்துக்கு இட்டுச் சென்ற காரணங்களுள் இவ்வெழுத்துப் போரும் ஒன்று. எழுத்து எத்துணை வலிமை வாய்ந்தது என்பதை இவ்வூரார்க்கு எவரும் புதிதாகக் கற்பிக்க வேண்டியதில்லை.

கப்பல் மாலுமியின் உள்ளாடை

நிறமும் பூவும் பேசிய காலம் அவ்வாறிருக்க, எழுத்தே ஆடையில் ஏறியது எப்போது? இன்று உலகெங்கும் வாசகந் தாங்கி உலவும் ரீசேட், துறைமுகத்தாராகிய நமக்கு ஒருவகையில் உறவினன். அமெரிக்கக் கடற்படையினர் 1913ஆம் ஆண்டளவில் தம் மாலுமிகளுக்கு உள்ளாடையாக வழங்கிய பின்னற் சட்டையே அதன் மூதாதை. கப்பலின் அடித்தளத்துப் புழுக்கத்திலே பாரம் தூக்கிய மாலுமி, மேற்சட்டையைக் கழற்றிவிட்டு இவ்வுள்ளாடையோடு வேலை செய்தான். பின்னர் அதுவே வெளியாடையாயிற்று. மலிவும், துவைப்பதற்கு எளிமையும், மார்பிலே சுவர் போன்ற வெற்றிடமும் அதற்கிருந்த சிறப்புகள். வெற்றுச் சுவரைக் கண்டால் விளம்பரம் ஒட்டத் தோன்றுவது மனித இயல்பன்றோ?

1948ஆம் ஆண்டு அமெரிக்கத் தலைவர் தேர்தலிலே போட்டியிட்ட தோமஸ் டூயி என்பவரின் ஆதரவாளர், அவர் பெயரைக் கொண்டு புனைந்த சிலேடை வாசகம் ஒன்றை இத்தகைய சட்டைகளில் அச்சிட்டு வழங்கினர். தேர்தல் வாசகம் தாங்கி வந்த முன்னோடிச் சட்டைகளுள் அதுவும் ஒன்று. டூயி, ட்ரூமனிடம் தோற்றார். சட்டையோ இன்று வாஷிங்டன் நகரிலுள்ள ஸ்மித்சோனியன் அரும்பொருட் காட்சிச்சாலையிலே பேணப்படுகின்றது. வாசகத்தால் வாக்குகள் வந்து குவிந்துவிடுவதில்லை என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

ஆயினும் எழுத்துச் சட்டை முற்றிலும் பயனற்றதென்று கூறுவதற்கில்லை. 1984ஆம் ஆண்டிலே, ஆடை வடிவமைப்பாளராகிய கதரின் ஹாம்நெற் என்னும் மாது, பிரித்தானியப் பிரதமர் மார்கிரட் தட்சரின் இல்லத்தில் நடந்த விருந்துக்குச் சென்றார். மேலங்கியை விலக்கியதும், நாட்டு மக்களில் 58 சதவீதத்தினர் பேர்ஷிங் ஏவுகணையை விரும்பவில்லை என்னும் பெரிய எழுத்துகள் வெளிப்பட்டன. அவர் பிரதமரோடு கைகுலுக்கிய புகைப்படம் உலகப் பத்திரிகைகள் அனைத்திலும் வந்தது. மண்டபத்தில் எழுந்து பேசியிருந்தால் காவலர் வெளியேற்றியிருப்பர். சட்டையை வெளியேற்ற முடியவில்லை. வாய் பேச இயலாத இடத்திலே பேசுவதுதான் எழுதிய ஆடையின் தனிப்பண்பு.

அதன் குறை யாதெனில், எதையும் விரைவிலே விற்பனைப் பொருளாக்கிவிடுதல். அவ்விளைஞர் மார்பில் நாம் கண்ட சேகுவேராவின் கதையே இதற்குத் தக்க சான்று. 1960 மார்ச் 4ஆம் நாள் ஹவானாத் துறைமுகத்திலே 'லா கூப்ரே' என்னும் கப்பல் வெடித்துப் பலர் மாண்டனர். மறுநாள் நிகழ்ந்த அஞ்சலிக் கூட்டத்திலே அல்பேர்ட்டோ கோர்டா எடுத்த படமே அது. துறைமுகத்தில் மாண்ட தொழிலாளருக்கான துயரும் சினமும் அம்முகத்தில் உறைந்திருக்கின்றன. அதே படத்தைப் பிற்காலத்தில் ஒரு மதுபான விளம்பரத்துக்குப் பயன்படுத்தியபோது, கோர்டா 2000ஆம் ஆண்டில் வழக்குத் தொடுத்தார். கிடைத்த 50,000 டொலரைக் கியூபாவின் குழந்தைகளுக்கான மருந்துக்கு அளித்தார்.

சேகுவேரா 1959இல் இலங்கைக்கும் வந்தவர். ஹொரணைப் பகுதித் தோட்டமொன்றிலே மரம் நட்டுச் சென்றவர். 1971 ஏப்ரலில் தென்னிலங்கை இளைஞர் ஆயுதமேந்திக் கிளர்ந்தபோது, அக்கிளர்ச்சியையே மக்கள் அவர் பெயரால் வழங்கினர். அன்று 'சேகுவேராக்காரன்' என்று ஒருவனைச் சுட்டுதல் அவனைக் காட்டிக் கொடுப்பதற்கு ஒப்பாகும். இன்றோ அம்முகம் முச்சக்கர வண்டிகளின் முதுகிலும் சந்தையிற் தொங்கும் ரீசேட்டுகளிலும் சிரிப்பின்றி நம்மை நோக்குகின்றது. ஒரு தலைமுறைக்கு மரண பயமாயிருந்தது அடுத்த தலைமுறைக்கு அலங்காரமாகிவிட்டது.

விலைவாசியும் அவ்வாறே. 2016இல் பாரிஸ் நகரத்து டியோர் நிறுவனத்தார் பெண்ணுரிமை பேசும் வாசகமொன்றை வெள்ளைச் சட்டையில் எழுதி மேடையேற்றினர். பின்னர் அச்சட்டை விற்பனைக்கு வந்தபோது விலை 710 டொலர். பெண்ணுரிமையை மார்பில் எழுதிக்கொள்ள இத்துணைப் பணம் வேண்டுமெனில், தையற் பொறியின் முன் நாள்முழுதும் குனிந்திருக்கும் பெண்ணுக்கு அவ்வுரிமை எட்டாக்கனிதான் போலும்! ஆயத்த ஆடையே நம் நாட்டின் தலையாய கைத்தொழில் ஏற்றுமதி. அதைத் தைப்போரிற் பெரும்பாலார் பெண்கள். ஆகவே இக்கேள்வி நமக்குத் தொலைவிலுள்ள பாரிஸ் நகரத்துக் கேள்வியன்று.

தமிழ் எழுத்து ஏறிய சட்டை

இனித் தமிழெழுத்துக்கு வருவோம். 2020 ஆகஸ்டிலே, சென்னை விமான நிலையத்தில் தமக்கு ஹிந்தி தெரியாதென்று கூறியதற்காக, நீங்கள் இந்தியரா என்று ஓர் அதிகாரியால் வினவப்பட்டதாக நாடாளுமன்ற உறுப்பினர் கனிமொழி வெளியிட்டார். அடுத்த மாதமே இசையமைப்பாளர் யுவன் சங்கர் ராஜா 'தமிழ் பேசும் இந்தியன்' என்ற பொருள்பட எழுதிய ரீசேட்டை அணிந்து படம் வெளியிட்டார். அவரோடு நின்ற நடிகர் சிரிஷின் சட்டையிலே 'ஹிந்தி தெரியாது போடா' என்றிருந்தது. திரைத்துறையினர் வேறு சிலரும் அணிந்தனர். திருப்பூர்ப் பின்னலாடைக்காரரிடம் அதே வாசகங்களைக் கேட்டுக் கட்டளைகள் வந்தன. சில நாட்களில் அவ்வலை கடல் கடந்து ஈழத்து இளைஞரின் கைப்பேசிகளையும் எட்டிற்று.

அஃது பெருந்தொற்றுக் காலம் என்பதை மறத்தலாகாது. கூட்டம் கூட இயலாது. ஊர்வலம் செல்ல இயலாது. அந்நிலையில் ஒரு சட்டையும் ஒரு படமும் பொதுக்கூட்டத்தின் வேலையைச் செய்தன. 'போடா' என்ற சொல் பண்பன்று எனப் பெரியோர் சிலர் முகஞ்சுளித்தனர், அதுவும் நியாயமே. ஆயினும் 1965இல் தமிழக மாணவர் அதே மொழிப் பிரச்சினைக்காகத் தெருவிலிறங்கித் துப்பாக்கிச் சூட்டையும் சிறையையும் கண்டனர் என்பதை அறிந்து அணிந்தவர்க்கு அச்சட்டை ஒரு வரலாற்றின் தொடர்ச்சி. அறியாது அணிந்தவர்க்கு அது வெறும் வேடிக்கை. சட்டை ஒன்றே, அணிந்தவரே வேறு.

அண்மையில், 2025 மார்ச் 20ஆம் நாள், தொகுதி மறுசீரமைப்பை எதிர்த்துத் தமிழ்நாடு போராடும், தமிழ்நாடு வெல்லும் என எழுதிய ரீசேட்டுகளை அணிந்து தி. மு. க. உறுப்பினர்கள் டெல்லி நாடாளுமன்றத்துள் நுழைந்தனர். சபையின் மாண்புக்கு இஃது ஒவ்வாதெனச் சபாநாயகர் ஓம் பிர்லா மறுத்துரைத்தார், சபை ஒத்திவைக்கப்பட்டது. கரை வேட்டியின் கரையிலே கட்சியைக் காட்டிச் சபைக்குட் சென்றவரை எவரும் தடுத்ததில்லை. கரைக்கு இடமுண்டு, எழுத்துக்கு இடமில்லை என்பது சிந்தனைக்குரிய வேறுபாடு. நிறத்தைக் கண்டும் காணாததுபோல் இருக்கலாம்; எழுத்தைக் கண்டவர் படியாதிருக்க முடியாது.

விலை கொடுப்பவர் யார்?

சென்னையிலும் பாரிஸிலும் நடப்பன ஒருபுறமிருக்க, நம் துறைமுகத்து வீடுகளில் நடப்பது யாது? வாசலில் நின்று தாய் மகனைத் தடுக்கும் பேச்சை நாம் பலமுறை கேட்டிருக்கிறோம்.

"மகன், உந்தச் சேட்டைக் கழட்டிப்போட்டு வேற ஒண்டைப் போட்டுக்கொண்டு போங்கோ."

"ஏன் அம்மா, இதில பிழையா என்ன கிடக்கு? தமிழ்தானே எழுதியிருக்கு!"

"தமிழ் எழுதியிருக்கிறதாலதான் சொல்லுறன்."

மகனுக்கு இது மூடத்தனமாகத் தோன்றும். ஆனால் தாய் அஞ்சுவது எழுத்துக்கன்று. அதைப் படிக்கும் கண்களுக்கு. சோதனைச்சாவடிகளின் நடுவே பிள்ளைகளை வளர்த்தெடுத்தவர்கள் இவ்வூர்த் தாய்மார். 2006 ஜனவரி 2ஆம் நாள் மாலை, நாம் அமர்ந்திருந்த அதே கடற்கரையிலே ஐந்து தமிழ் மாணவர்கள் சுட்டுக் கொல்லப்பட்டனர். அவர்கள் மார்பில் வாசகம் தாங்கிச் சென்றவரல்லர். மாலைப்பொழுதைக் கழிக்கச் சென்ற பிள்ளைகள். வெறுங்கையோடு சென்ற பிள்ளைக்கே அக்கதி நேர்ந்ததெனில், கண்ணை இழுக்கும் எழுத்தோடு செல்லும் பிள்ளையைக் குறித்துத் தாய் அஞ்சுவதில் வியப்பென்ன? 2009இல் போர் முடிந்தது. தாய்மாரின் செவியிலே அது முடிய இன்னும் காலம் வேண்டும்.

எழுத்தே இல்லாத ஆடையும் இந்நாட்டில் ஒருவரைச் சிறைக்கு அனுப்பியதுண்டு. 2019 ஏப்ரல் 21ஆம் நாள் உயிர்த்த ஞாயிறுத் தாக்குதல்களால் நாடே கலங்கியிருந்த வேளை. மே மாதத்தில் ஹசலக என்னும் ஊரிலே ஒரு முஸ்லிம் மாது அணிந்திருந்த ஆடையில் சக்கரப் படமொன்று இருந்தது. அது பௌத்த தருமச் சக்கரம் என்று கூறிப் பொலிஸார் அவரைக் கைதுசெய்தனர். இரு வாரங்களுக்கு மேல் அவர் விளக்கமறியலில் இருந்தார். அந்தச் சக்கரம் உண்மையில் யாது? கப்பலின் சுக்கான் சக்கரம்! நம்மூர்ச் சிறுவனிடம் காட்டியிருந்தால் ஒரு நொடியிற் சொல்லியிருப்பான். அம்மாதின் அடிப்படை உரிமை மீறப்பட்டதெனப் பிற்பாடு உயர்நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆனால் சிறையிற் கழிந்த நாட்களை எந்தத் தீர்ப்பும் திருப்பித் தருவதில்லை.

இந்நிகழ்ச்சி ஓர் உண்மையைத் தெளிவுறுத்துகிறது. ஆடையில் எழுதுபவர் ஒருவர், அணிபவர் ஒருவர், ஆனால் அதன் பொருளைத் தீர்மானிப்பவர் எதிரே நின்று நோக்குபவர். நோக்குபவரின் கையில் அதிகாரமும் நெஞ்சில் அச்சமும் இருக்குமாயின், சுக்கானும் தருமச் சக்கரமாகும். ஒரே துணி, அணிபவரின் இனத்தையும் மதத்தையும் ஊரையும் பொறுத்து, ஒருவர்க்கு அலங்காரம், மற்றொருவர்க்குக் குற்றச்சாட்டு. மோஸ்தர் என்னும் சொல் இவ்வேற்றுமையை மறைத்துவிடுகிறது. எவருக்கு எதை அணிந்தாலும் தீங்கு நேராதோ அவர்க்கே அது மோஸ்தர். ஏனையோர்க்கு அது துணிவு.

விலையைப் பலரும் பகிர்ந்துகொண்ட காலமும் ஒன்றுண்டு. 2022இல் எரிபொருளுக்கும் பால்மாவுக்கும் எரிவாயுவுக்கும் மக்கள் இரவு பகலாக வரிசையில் நின்றனர். ஏப்ரல் 9ஆம் நாள் தொடக்கம் கொழும்புக் காலிமுகத் திடலிலே கூடாரமிட்ட மக்கள், 'கோட்டா கோ ஹோம்' என்ற வாசகத்தைச் சட்டையிலும் நெற்றிப் பட்டியிலும் பதாகையிலும் எழுதிக்கொண்டனர். சிங்களவர், தமிழர், முஸ்லிம்கள் என மூவினத்தாரும் ஒரே வாசகத்தை அணிந்தது அருமையான காட்சி. மே 9ஆம் நாள் மகிந்த ராஜபக்ஷ பிரதமர் பதவி துறந்து, மறுநாள் திருகோணமலைக் கடற்படைத் தளத்திலே அடைக்கலம் புகுந்தார். செய்தி பரவியதும் அத்தள வாயிலின் முன் மக்கள் திரண்டு குரல் எழுப்பினர். பேரரசுக் கப்பல்களைக் கண்ட துறைமுகம் அன்று வேறொரு காட்சியைக் கண்டது. ஜூலை 14ஆம் நாள் கோட்டாபய ராஜபக்ஷ வெளிநாட்டிலிருந்து பதவி விலகற் கடிதம் அனுப்பினார்.

அவ்வாசகம் எழுதிய சட்டைகள் இன்று எங்கே? சில பெட்டியின் அடியில் நினைவுச் சின்னமாய் மடிந்து கிடக்கும். சில முச்சக்கர வண்டி துடைக்கும் துணியாகியிருக்கும். அதிற் குறையொன்றுமில்லை. வாசகம் தன் வேலையை முடித்தபின் துணி துணியாகவே ஆவது இயற்கை. ஒரு நாளும் வேலை செய்யாத வாசகமே துக்கத்துக்குரியது.

பெற்றோருக்கும் மாணவருக்கும்

மாணவச் செல்வங்கள், வாசகச் சட்டையை வாங்குமுன் தம்மையே மூன்று வினாக்கள் கேட்டுக்கொள்ளல் நன்று. இதன் பொருள் எனக்குத் தெரியுமா? தெரியாத மொழியில் எழுதியதை நெஞ்சில் ஒட்டிக்கொள்வது, பிறர் எழுதிய கடிதத்தில் படியாமலே கையொப்பமிடுவது போன்றது. அடுத்து, ஒருவர் வழிமறித்துக் காரணம் கேட்டால், சினமின்றி இரண்டு வாக்கியங்களில் விளக்க என்னால் இயலுமா? இறுதியாக, இதைப் படித்து மனம் நோகக்கூடிய அயலவர் யார். அவர் முகத்தை நேராக நோக்கி இதை வாயாற் சொல்லவும் எனக்கு மனம் ஒப்புமா? மூன்று இனத்தாரும் ஒரே சந்தையில் மீன் வாங்கி, ஒரே பேருந்தில் ஏறும் இம்மாவட்டத்திலே இக்கடைசி வினா இன்றியமையாதது. வாயாற் சொல்லக் கூசுவதைச் சட்டையாற் சொல்லுதல் துணிவன்று. மூன்றுக்கும் ஆம் என்று விடை வருமாயின் தாராளமாக அணியுங்கள்.

பெற்றோருக்கும் ஒன்று சொல்வோம். பிள்ளையின் சட்டையைக் கண்டதும் கழற்று என்று ஆணையிடாதீர்கள். அருகிருத்தி, இதிலே என்ன எழுதியிருக்கிறது என்று முதலிற் கேளுங்கள். உங்கள் அச்சத்தின் காரணத்தையும் சொல்லுங்கள். 1957இல் இந்நகரில் நடந்தது யாது, 2006இல் இக்கடற்கரையில் நடந்தது யாது என்பவை பல வீடுகளில் பிள்ளைகள் காதில் விழாத செய்திகள். நாம் சொல்லாது விட்டதையே பிள்ளைகள் கடையில் தொங்கும் சட்டைகளிற் தேடுகின்றனர். வரலாற்றை வீட்டில் கேட்டறிந்த பிள்ளை, எந்த வாசகத்தை எங்கே அணிவது, எங்கே தவிர்ப்பது என்பதைத் தானே அறிந்துகொள்ளும். தமிழில் எழுதிய சட்டையோடு ஒரு பிள்ளை கடைத்தெருவிலே அஞ்சாது நடந்து போவதும் அற்ப சங்கதியன்று. 1987இன் பதின்மூன்றாந் திருத்தம் தமிழும் ஆட்சிமொழி என்று ஏட்டில் எழுதிற்று. அவ்வெழுத்து அச்சமின்றித் தெருவில் நடக்கும் நாளே அத்திருத்தம் நிறைவேறிய நாள்.

பொழுது சாய்ந்தது. நாம் எழுந்து புறப்படும் வேளையில், அந்த மூன்றாம் இளைஞர் கைப்பேசியைக் கையிலேந்தியவாறு முதியவரிடம் திரும்பி வந்தார்.

"ஐயா, பார்த்திட்டன். அதிகாரம் மக்களுக்கே எண்டு எழுதியிருக்காம்."

முதியவர் சற்று நேரம் சட்டையையும் சிலையையும் மாறி மாறி நோக்கினார்.

"அப்ப அதைக் கழட்ட வேண்டாம் தம்பி. ஆனா இனி ஆராவது கேட்டா, தெரியாதெண்டு மட்டும் சொல்லிப்போடாதையும்."

இளைஞர் தலையசைத்துவிட்டு நண்பர்களை நோக்கி ஓடினார். நாம் வீடு திரும்பும் வழியில் மணிக்கூட்டுக் கோபுரத்தைக் கடந்தபோது, ஒருகணம் நின்று அதன் உச்சியை அண்ணாந்து நோக்கிவிட்டு நடந்தோம்.